தனிமைப்படுத்தல் ஹோட்டல்கள் (இலங்கை, 2020–2021)

கொவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில், வெளிநாட்டிலிருந்து இலங்கைக்குத் திரும்பியவர்களைப் 14 நாட்கள் தங்கவைத்துக் கண்காணிக்கச் சுற்றுலா ஹோட்டல்கள் பயன்படுத்தப்பட்டன. இராணுவம் நடத்திய இலவச நிலையங்களுடன் தொடங்கிய தனிமைப்படுத்தல் ஏற்பாட்டில், கட்டணம் செலுத்தித் தங்கும் ஹோட்டல்கள் 2020இல் சேர்ந்துகொண்டன. 2021 ஒக்டோபரில், முழுமையாகத் தடுப்பூசி பெற்ற பயணிகளுக்கான விதிகள் தளர்ந்தபோது அவற்றின் தேவை பெரும்பாலும் முடிந்துபோனது. ஹோட்டல் கட்டணத்தைப் பயணி கட்டினார் என்பதால் அரசுக்கு இதில் செலவே இல்லை என்று நினைப்பது எளிது. ஆனால் ஒரு சமூகம் நோயைத் தடுக்கக் கொடுக்கும் விலை ஹோட்டல் பற்றுச்சீட்டோடு முடிவதில்லை. நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளையிலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

முகாமிலிருந்து ஹோட்டலுக்கு

இலங்கையில் கொவிட் தனிமைப்படுத்தல் மலைநாட்டில்தான் தொடங்கியது. சீனாவின் வூஹான் நகரில் சிக்கியிருந்த 33 மாணவர்கள் 2020 பெப்ரவரி 1ஆம் திகதி மத்தள விமான நிலையத்தில் இறக்கப்பட்டு, பதுளை மாவட்டத்தின் தியத்தலாவை இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தனித்தனி அறைகளில் 14 நாட்கள் தங்கி, நோயின்றி வீடு திரும்பினார்கள். மார்ச் 10 முதல் இத்தாலி, தென்கொரியா, ஈரான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் கந்தக்காடு தனிமைப்படுத்தல் நிலையத்துக்கும், மட்டக்களப்பு மாவட்டத்தின் புணானையில் இருந்த பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவின் தலைமையில், ராஜகிரியவிலிருந்து இயங்கிய கொவிட் தடுப்புத் தேசிய செயற்பாட்டு மையம் இந்த நிலையங்களை மேற்பார்வை செய்தது.

தொடக்க காலத்து நிலையங்களில் தங்கியவர்களிடம் பணம் வாங்கப்படவில்லை. உணவு, படுக்கை, பேருந்து, பரிசோதனை எல்லாம் பொதுப்பணத்தில் நடந்தன. ஆனால் வெளிநாடுகளில் காத்திருந்தவர்களின் தொகை முகாம்களின் கொள்ளளவை மீறியது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் படித்த மாணவர்கள் முதலில் வந்தார்கள். பின்னர் வளைகுடா நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். 2020 மே மாதத்தில் குவைத்தின் பொதுமன்னிப்பில் திரும்பிய குழுவில் பலருக்குத் தொற்று கண்டறியப்பட்டதும், கூட்டமாகத் தங்கவைப்பதன் ஆபத்து எல்லோருக்கும் விளங்கியது. ஒருவருக்கு ஓர் அறை, அந்த அறைக்குள்ளேயே குளியலறை, கதவுக்கு வெளியே வைக்கப்படும் சாப்பாடு ஆகிய மூன்றும் ஏற்கெனவே தயாராக இருந்த இடம் ஹோட்டல்தான்.

ஹோட்டல்களும் வெறுமையாகவே இருந்தன. 2018இல் 23 இலட்சத்தைத் தாண்டியிருந்த வெளிநாட்டுப் பயணிகளின் வருகை, 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பிறகு அந்த ஆண்டில் 19 இலட்சமாகக் குறைந்தது. 2020இல் 5 இலட்சத்துச் சொச்சம். 2021இல் 2 இலட்சத்துக்கும் கீழ். ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கவும் சமையலறை அடுப்பை அணையாமல் வைத்திருக்கவும் தனிமைப்படுத்தல் ஒப்பந்தம் உதவியது. நீர்கொழும்பு, வத்தளை, களுத்துறை, காலி எனக் கரையோர ஹோட்டல்களே இதில் பெரும்பாலும் சேர்ந்தன. விமான நிலையத்திலிருந்து பேருந்தில் விரைவில் சென்றடையக்கூடிய தூரம் அதற்கு ஒரு காரணம். மலைநாட்டுக்கு ஏற ஐந்தாறு மணி நேரம் தேவை. நோய் முற்றினால் நோயாளியை இறக்கிக்கொண்டு வரவும் அதே நேரம் ஆகும்.

செலவின் உண்மையான அளவு

கட்டண ஹோட்டலில் அறை வாடகை, மூன்று வேளை உணவு, பி.சி.ஆர் பரிசோதனை ஆகியவற்றை வந்தவரே கட்ட வேண்டியிருந்தது. விமானச் சீட்டுடன் இது சேர்ந்தபோது, வளைகுடாவில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தவருக்கு ஊர் திரும்புவதே பெரும் கடனாகிவிட்டது. இலவச முகாமில் இடம் கிடைக்கும்வரை காத்திருப்பது மற்றொரு வழி. ஆனால் காத்திருக்கும் மாதங்களில் அவருக்குச் சம்பளமும் இல்லை, தங்க இடமும் உறுதியில்லை. மலையகத் தோட்டங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போன பெண்கள் கணிசமானவர்கள். கையில் காசுள்ளவர் விரைவில் வீடு சேரவும் இல்லாதவர் அந்நிய நாட்டில் காத்துக் கிடக்கவும் செய்த ஏற்பாட்டை நியாயமானது என்று சொல்ல முடியாது.

பொதுச் செலவும் மறையவில்லை. ஹோட்டல்களைக் கண்காணிக்க இராணுவத்தினர், தொற்று உறுதியானவரை ஏற்றிச் செல்ல அம்புலன்ஸ், மாதிரி எடுக்கச் சுகாதார ஊழியர், பின்தொடரப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என எல்லோரும் அரசின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். சுற்றுலாத் துறைக்கு மத்திய வங்கி கொடுத்த கடன் தவணைச் சலுகை ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு தொடங்கி, கொவிட் காலத்தில் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. வங்கிகள் தாங்கிய இந்தச் சுமையையும் கணக்கில் சேர்க்காமல் ஹோட்டல்களைச் சும்மா கிடைத்த வசதி என்று எழுதுவது தவறு.

அந்தச் செலவுக்குப் பலன் இருந்தது. 2021 மே மாதத்தில், பின்னர் டெல்டா எனப் பெயரிடப்பட்ட பி.1.617.2 வகை வைரஸ், இந்தியாவிலிருந்து வந்த ஒருவரிடம் வாஸ்கடுவ தனிமைப்படுத்தல் நிலையத்தில் கண்டறியப்பட்டது. ஏற்பாடு எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை அது செய்தது. ஆனால் ஜூன் மாதத்தில் அதே வகை கொழும்பு தெமட்டகொடையில் சமூகத்துக்குள் தென்பட்டது. ஓகஸ்டில் வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன.

கந்தப்பளையின் அறைகள்

கந்தப்பளை, நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகும் வீதியில், கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே இருக்கும் சிறிய நகரம். பார்க், கோர்ட்லோட்ஜ், கொன்கோடியா, எஸ்க்டேல் எனத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்தது. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களும் நிறைய. 1904இல் ராகலைவரை நீண்ட உடப்புசல்லாவைக் குறுகிய ரயில் பாதையில் இதற்கும் ஒரு நிலையம் இருந்தது. ஊருக்கு மேலே, ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையை எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் ஹோட்டலாக மாற்றி 1996இல் திறந்தது. கொழுந்து வாடப் போட்ட மாடிகள் இன்று விருந்தினர் அறைகள். பழைய இயந்திரங்களில் சில அப்படியே நிற்கின்றன. மலையகத்தின் பெயர்பெற்ற ஹோட்டல்களில் அது ஒன்று.

அதே மலையில்தான் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களும் இருக்கின்றன. பத்தடி, பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா (அறை), முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் புகை படிந்த குசினி. முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயங்களில் ஒரு குடும்பத்தின் சுவரே மற்றக் குடும்பத்தின் சுவர். கக்கூசும் தண்ணீர்ப் பீலியும் பல இடங்களில் பொதுவானவை. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பிள்ளைகள் என ஆறேழு பேர் ஒரே கூரையின் கீழ் படுக்கிறார்கள். ஹோட்டலில் அடைபட்டவர் 14 நாட்களுக்கு விலை கொடுத்து வாங்கிய தனிமை இந்த வீடுகளில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இதனால்தான் தனிமைப்படுத்தல் விதிகள் மலையகத்தில் முரண்பட்டு நின்றன. முகாமிலோ ஹோட்டலிலோ 14 நாட்கள் முடித்தவர், ஒரு கட்டத்தில், வீட்டிலும் மேலும் 14 நாட்கள் தனித்திருக்கப் பணிக்கப்பட்டார். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பின்னர் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெடித்ததும், நோயாளியோடு பழகியவர்கள் முகாமுக்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே இருக்கும்படி விதி மாறியது. கதவில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஆனால் லயத்தில் ஒரு கதவில் ஒட்டும் அறிவித்தல் பத்துக் குடும்பங்களைப் பாதிக்கும். பீலிக்குத் தண்ணீருக்குப் போகாமல் ஒரு நாளும் கழியாது.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 14. கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞர் ஊர் திரும்பும் நாள் அது. நவம்பர் 11 நள்ளிரவு முதல் 15ஆம் திகதிவரை மேல்மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. சில பிள்ளைகள் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். பலர் கொழும்பிலேயே நின்றுபோனார்கள். வந்தவர்களைத் தோட்டங்கள் சந்தேகத்தோடு பார்த்தன. மாதாமாதம் காசு அனுப்பிய மகன் ஒரே வாரத்தில் நோய் கொண்டுவருபவனாகிப் போனான். அவர்களுக்கெனத் தோட்டத்துக்கு ஒரு வெற்று வீடு, மூடிக் கிடந்த பாடசாலையின் ஒரு வகுப்பறை ஒழுங்கு செய்திருந்தால் குடும்பத்தையும் நோயையும் பிரித்திருக்கலாம். ஹோட்டலைவிட மிகக் குறைந்த செலவில் முடியக்கூடிய காரியம் அது.

அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். 1,000 ரூபாய் சம்பளம் 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பேர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. இரண்டு வாரத்தில் 12 வேலை நாட்கள் என்று வைத்தால், கணவனும் மனைவியும் வேலைசெய்யும் வீட்டில் இழப்பு 16,800 ரூபாய். தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு அரசு அறிவித்த உலர் உணவுப் பொதியின் பெறுமதி 10,000 ரூபாய். மீதி 6,800 ரூபாயை எந்த அரச ஏட்டிலும் தேட முடியாது. கடைக்கடனாகவும் அடகு நகையாகவும் அது அந்த வீட்டிலேயே நின்றது. ஹோட்டலில் தங்கியவர் கட்டணம் கட்டினார் என்றால், லயத்தில் இருந்தவரும் கட்டினார். அவருக்கு யாரும் பற்றுச்சீட்டு கொடுக்கவில்லை.

முந்தைய தனிமைப்படுத்தல்கள்

2020இல் பயன்பட்ட சட்டம் புதியதல்ல. தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897இல் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் பம்பாயில் பிளேக் பரவியிருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்களோ தென்னிந்தியாவிலிருந்து இடைவிடாமல் வந்துகொண்டிருந்தார்கள். மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்த வடபாதையில் வாந்திபேதியால் செத்தவர்களின் நினைவு மலையக வரலாற்றில் ஆறாமல் இருக்கிறது. அந்தப் பாதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்ட பின், தூத்துக்குடி வழியாகக் கப்பலில் வந்தவர்கள் ராகமை முகாமில் நிறுத்தப்பட்டார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்த பின் இராமநாதபுரம் கரையிலுள்ள மண்டபம் முகாம் முதன்மையானது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அங்கே சில நாட்கள் தங்கி, அம்மைப்பால் வைத்து, கொக்கிப்புழுவுக்கு மருந்து குடித்த பிறகே படகேற முடியும். கந்தப்பளைத் தோட்டக் குடும்பங்களில் பலவற்றின் மூத்த தலைமுறை இந்த முகாம்களைக் கடந்தே மலையேறியது.

அப்போதும் யார் செலவு என்ற கேள்வி இருந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டி வந்தவரின் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, ஆள் சேர்த்து வந்த கங்காணியின் கடனாகி, கடைசியில் தொழிலாளியின் சம்பளத்தில் வந்து நின்றது. கடனோடு ஆளையே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய துண்டுச் சீட்டு முறை 1921இல் தடைசெய்யப்பட்டது. தொழில் கொடுப்போர் செலுத்தும் நிதியிலிருந்து குடிவரவுச் செலவைச் சந்திக்க 1923ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. குடிவரவுச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்பது அந்தக் காலத்திலேயே ஏற்கப்பட்டிருந்தது.

பிற நாடுகளில்

நியூசிலாந்து அரசே ஹோட்டல்களை எடுத்து நடத்தியது. 2020 ஓகஸ்ட் முதல் வந்தவர்களில் ஒரு சாரார் 3,100 நியூசிலாந்து டொலர் செலுத்த வேண்டியிருந்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2020 ஜூலை முதல் ஒருவருக்கு 3,000 அவுஸ்திரேலிய டொலர் வாங்கியது. பிரித்தானியா 2021 பெப்ரவரியில் 1,750 பவுணில் தொடங்கியது.

விக்டோரியா மாநிலத்தின் அனுபவம் மிகக் கசப்பானது. மெல்பர்னில் இரண்டு தனிமைப்படுத்தல் ஹோட்டல்களிலிருந்து நோய் ஊருக்குள் பரவி, 2020இன் இரண்டாம் அலையாக மாறி எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. முன்னாள் நீதிபதி ஜெனிபர் கோட் தலைமையிலான விசாரணை, காவலுக்கு அமர்த்தப்பட்ட தனியார் பாதுகாப்பு ஊழியர்கள் நிலையில்லாத வேலையில் இருந்தவர்கள் என்பதைச் சுட்டிக்காட்டியது. வேலைக்கு வராவிட்டால் கூலி இல்லாதவர் காய்ச்சலோடும் வேலைக்கு வருவார். கந்தப்பளையில் கொழுந்தெடுப்பவரின் நிலையும் வேறல்ல.

இந்திய அரசு 2020 மே 7இல் தொடங்கிய வந்தே பாரத் மீட்பு விமானங்களில் தமிழ்நாட்டின் சென்னைக்கு வந்து சேர்ந்தவர்கள், காசு கட்டி ஹோட்டலிலோ, இலவசமாகக் கல்லூரி விடுதிகளிலோ தங்கலாம் என்ற தெரிவோடு வரவேற்கப்பட்டார்கள்.

முடிவு

2021 ஜனவரி 21இல் இலங்கை விமான நிலையங்கள் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டபோது, சான்றளிக்கப்பட்ட ஹோட்டல்களில் தங்கியபடியே அவர்கள் குறிப்பிட்ட இடங்களைச் சுற்றிப் பார்க்க முடிந்தது. அதே மாதத்தில் நாடு திரும்பிய இலங்கைத் தொழிலாளி அறைக்குள்ளேயே இருக்க வேண்டியிருந்தது. 2021இன் மூன்றாம் அலையில் வைத்தியசாலைக் கட்டில்கள் போதாமல், தனியார் வைத்தியசாலைகள் சில ஹோட்டல்களைக் கட்டண இடைநிலை சிகிச்சை நிலையங்களாக நடத்தின. ஒக்டோபரில் தடுப்பூசி பெற்றவர்களுக்கு வந்திறங்கியதும் செய்யும் பரிசோதனை நீக்கப்பட்டது. ஹோட்டல்கள் மீண்டும் விருந்தினரைத் தேடத் தொடங்கின.

லயத்து நெரிசலுக்கு நிலையான மாற்று தனி வீடுதான். மலையகத்துக்கு இந்தியா வாக்களித்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை, 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்திருந்தார். ஏழு பேர்ச் காணியில் இரண்டு அறை, குசினி, தனிக் கக்கூசு என்ற திட்டம் அது. பெருந்தொற்று வந்தபோது அந்தப் பத்தாயிரமும் கட்டப்பட்டிருக்கவில்லை.