ஊதுலையிலிருந்து நோயாளியின் கட்டிலுக்கு: பிட்ஸ்பர்க் நமக்குச் சொல்வது



நம் பிள்ளைகளில் பலர் இன்று செவிலியர் உதவியாளர், ஆய்வக உதவியாளர், ஆம்புலன்ஸ் பணியாளர் படிப்புகளில் சேர்கிறார்கள். பெருநகரத்து வாடகை கட்டுப்படியாகாமல், செய்துவந்த வேலையை விட்டுவிட்டுச் சிறு நகரத்து மருத்துவமனைகளுக்குப் போகிறவர்களும் உண்டு. 'வேலை நிச்சயம், செலவு குறைவு' என்கிறார்கள். அதைப் பழிக்க நாம் இங்கே கூடவில்லை. ஆனால் இதே பாதையில் ஒரு நகரமே நமக்கு முன்னால் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அது. 1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் தம் பெயரையே கறுப்பின இளைஞர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். அந்த மக்களின் உழைப்பு வரலாறும் நம் பாடம்தான்.

பிட்ஸ்பர்க் எஃகு நகரம். தென்மாநிலங்களின் பருத்திக் காட்டையும் வெள்ளையர் வன்முறையையும் விட்டு வந்த கறுப்பின மக்களுக்கு அங்கே ஆலைகளில் வேலை கிடைத்தது. எந்த வேலை? கோக் அடுப்பு, ஊதுலை என வெப்பமும் புகையும் மிகுந்த வேலை. பணிமூப்பு அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே கணக்கிடப்பட்டதால் நல்ல பிரிவுக்கு மாற வழியில்லை. வழக்குகளுக்கும் போராட்டங்களுக்கும் பிறகு, 1974இல்தான் எஃகுத் துறை முழுவதற்குமான ஓர் ஒப்பந்தம் அந்தத் தடையைத் தளர்த்தியது. அடுத்த சில ஆண்டுகளில் ஆலைகளே மூடத் தொடங்கின. புகழ்பெற்ற ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல் மூடப்பட்டது. கதவு திறந்த நேரத்தில் வீடு இடிந்து விழுந்தது.

வாழ்ந்த இடமும் முன்பே இடிக்கப்பட்டிருந்தது. 1950களில் ஓர் அரங்கம் கட்டுவதற்காக ஹில் பகுதியின் கீழ்ப்பாகத்திலிருந்து சுமார் 8,000 பேர் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

அதே ஹில் பகுதியில்தான் 1967இல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை உருவானது. அதுவரை அங்கே நோயாளியை ஏற்றிச் சென்றது போலீஸ் வண்டி. வழியில் சிகிச்சை கிடையாது. மருத்துவர் பீட்டர் சாஃபர் வகுத்த பயிற்சியில், 'வேலைக்கு லாயக்கற்றவர்கள்' என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்கள் சுமார் 300 மணி நேரம் படித்தார்கள். பள்ளியை முடிக்காதவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் அவர்களில் இருந்தனர். மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கையாளாக இருந்த ஜான் மூன் இவர்களின் வேலையைப் பார்த்துத் தானும் வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் முழுப் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகளின் முதல் வரிசையில் இவர்கள் நின்றார்கள். மருத்துவர் நான்சி கரோலின் நாடு முழுவதற்கும் எழுதிய பாடத்திட்டம் இவர்களின் அனுபவத்திலிருந்தே பிறந்தது.

1975இல் மாநகராட்சி தனக்கென ஓர் ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. உயிர்காத்து அனுபவம் பெற்றவர்கள் புதிய தேர்வுகளாலும் விதிகளாலும் ஓரங்கட்டப்பட்டார்கள். அனுபவம் குறைந்த வெள்ளையர்களின் கீழ் அமர்த்தப்பட்டார்கள். பலர் வெளியேறினர். மூன் தாக்குப்பிடித்துப் பின்னாளில் துணைத் தலைமைப் பொறுப்புவரை உயர்ந்தார். வேலை இழிவாக இருந்தவரை அது நம்முடையது. அதற்கு மதிப்பும் சம்பளமும் வந்ததும் தகுதி கேட்டார்கள். இந்தக் கதை நமக்குப் புதிதா? பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். அது சான்றிதழ் பெற்ற தொழிலானபோது அவர்களுடைய கைத்திறனுக்கு எந்தச் சான்றும் தரப்படவில்லை.

ஆலைகள் போன பிறகு பிட்ஸ்பர்க்கைத் தாங்கியது மருத்துவமனை. எஃகு நிறுவனத்தின் 64 மாடிக் கோபுரத்தின் உச்சியில் 2008இல் ஒரு மருத்துவக் குழுமத்தின் பெயர் ஏறியது. ஆனால் ஆலைச் சம்பளம் அதோடு சேர்ந்து வரவில்லை. துப்புரவு, சமையற்கட்டு, நோயாளியைக் குளிப்பாட்டுதல் ஆகியவற்றில் பெண்களே மிகுதி. கறுப்பினப் பெண்கள் அவற்றில் நெடுங்காலம் உழைத்தவர்கள். அவர்களின் உழைப்பு 'சேவை' எனப்பட்டது. 1947 முதல் 1974 வரை, லாபநோக்கற்ற மருத்துவமனை ஊழியர்களுக்குத் தேசியத் தொழிற்சங்கச் சட்டத்தின் பாதுகாப்பே இல்லை. சேவை என்று பெயர் வைத்தால் கூலி கேட்பது குற்றமாகிவிடுகிறது.

அந்த நகரம் 'செலவு குறைந்த நகரம்' என்று இன்று புகழப்படுகிறது. வாடகை குறைந்ததற்கு ஒரு காரணம், ஆலைகள் மூடியதும் மக்கள் வெளியேறியது. கூலி குறைந்ததற்குக் காரணம், யார் அந்த வேலையைச் செய்தார்கள் என்பது. மலிவு எல்லோருக்கும் ஒரே மலிவு அல்ல.

ஆகவே, போகும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். கேள்விகளோடு அனுப்புவோம். இந்தச் சான்றிதழை அரசு ஏற்கிறதா? வேலை தருவது மருத்துவமனையா, ஒப்பந்தக்காரரா? உதவியாளர் செவிலியராக உயர வழி உண்டா? சங்கம் உண்டா? வார்டில் சாதி கேட்டு வேலை பிரிக்கிறார்களா? பிறர் தொடத் தயங்கும் உடலைத் தொட்டுத் தூக்குகிறவர்கள் நாம். அந்தக் கைகளுக்கு உரிய மதிப்பும் கூலியும் கேட்பது நன்றியின்மை அல்ல. அது நம் வரலாறு நமக்குக் கற்பித்த கடமை.