ரொட்டியும் வெண்ணெயும்: ஒரு பந்தி முறையின் வரலாறு

மேனாட்டார் உணவு மேசையில் ரொட்டியும் வெண்ணெயும் பரிமாறுவதற்கும் உண்பதற்கும் வகுத்துக்கொண்ட முறைகளைக் கண்டு நம் இளைஞர் பலர் அஞ்சுகின்றனர். அவை அம்மக்களுக்குப் பிறவியிலேயே வாய்த்த குணங்கள் என்று எண்ணி ஒதுங்குவோரும் உளர். வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமாயின், அம்முறைகள் யாவும் கற்றுக்கொள்ளப்பட்டவை, பலமுறை திருத்தப்பட்டவை, ஒருமுறை தலைகீழாகவே மாற்றப்பட்டவை என்பது புலனாகும்.

ஆங்கிலத்தில் பிரபுவைக் குறிக்கும் 'லார்டு' என்னும் சொல், 'ரொட்டியைக் காப்பவன்' என்னும் பொருளுடைய பழஞ்சொல்லின் திரிபாகும். 'லேடி' என்பாள் ரொட்டிக்கு மாவு பிசைபவள். அவர்களை அண்டி வாழ்ந்த ஏவலாளனுக்கோ 'ரொட்டி தின்பவன்' என்று பெயர். ரொட்டி எவன் பொறுப்பில் இருந்ததோ அவன் ஆண்டான். அதைப் பெற்று உண்டவன் அடிமை. சொற்களே வரலாறு கூறுகின்றன அன்றோ?

இடைக்கால ஐரோப்பாவின் விருந்துகளில் இன்றுள்ளது போன்ற தட்டுகள் பெரும்பாலும் இல்லை. பழைய ரொட்டியைத் தடித்த துண்டுகளாக அறுத்து, அவற்றின்மீதே இறைச்சியையும் குழம்பையும் இட்டு உண்டனர். ஏறத்தாழ 1393ஆம் ஆண்டில் பாரிசு நகரில் எழுதப்பட்ட இல்லற நூலொன்று, விருந்துக்கு வாங்க வேண்டியவற்றுள் நான்கு நாள்களுக்கு முன் சுட்ட இத்தகைய ரொட்டியையும் அளவுடன் குறிப்பிடுகிறது: அகலம் அரையடி, உயரம் நான்கு விரற்கடை. விருந்து முடிந்தபின் குழம்பில் ஊறிய அத்துண்டுகள் வாயிலில் காத்துநின்ற ஏழைகளுக்குப் போயின. அல்லது நாய்களுக்குப் போயின. எச்சில் இலை என்னும் சொல்லின் சுமையை அறிந்த நமக்கு இவ்விடத்தில் விளக்கம் வேண்டியதில்லை. உட்காரும் இடத்திலும் வேறுபாடு இருந்தது. மேசையில் வைத்த உப்புக்கிண்ணத்துக்கு மேற்புறம் மதிப்புடையோரும் கீழ்ப்புறம் மற்றவரும் அமர்ந்தனர். வெள்ளை ரொட்டி மேலோர்க்கு. கம்பும் கேழ்வரகும் போல அங்கு எளியோர் தானியமாகிய 'ரை'யில் சுட்ட கறுத்த ரொட்டி கீழோர்க்கு.

வெண்ணெயின் கதை வேறு. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் அதை உண்ணலாகாது எனத் திருச்சபை விதித்திருந்தது. எண்ணெய் மலிந்த தென்னாட்டாருக்கு அது இழப்பன்று, வடநாட்டாருக்கோ பெருந்தொல்லை. எனவே காணிக்கை செலுத்தி விலக்குப் பெறும் வழக்கம் எழுந்தது. பிரான்சு நாட்டு ரூவான் நகரப் பேராலயத்தின் கோபுரம் ஒன்று அப்பணத்தால் எழுந்தமையின் இன்றும் 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே அழைக்கப்படுகிறது. மார்ட்டின் லூதர் 1520இல் எழுதிய நூலில் இவ்விலக்கு வாணிகத்தையும் சாடினார்.

இனி நாம் சற்று நின்று நோக்க வேண்டிய நூலொன்று உண்டு. 1530இல் எராசுமசு என்னும் பேரறிஞர் சிறுவர்க்கான நன்னடத்தை நூலை இலத்தீனில் வெளியிட்டார். இருமுவதும் தும்முவதும் முதல் பந்தியில் அமர்வது வரை அதில் கூறப்பட்டுள்ளன. ரொட்டியை விரல்களால் பிய்த்தெடுப்பது அரண்மனைவாசிகள் சிலரின் பகட்டு, அதை அவர்களுக்கே விட்டுவிட்டு நீ கத்தியால் ஒழுங்காக அறுத்து உண் என்பது அவர் கட்டளை. ரொட்டி கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடும் வழக்கத்தையும் அவர் குறிப்பிடுகிறார்; முன்னோர் அதைப் புனிதமாகப் போற்றியதன் எச்சம் அது என்பது அவர் கருத்து. இந்நூல் ஓர் உயர்குடிச் சிறுவனுக்கு உரிமையாக்கப்பட்டது. எழுதியவரோ முறையான மணத்தின்வழிப் பிறவாதவர். ஒரு பாதிரியாரின் மகன். அப்பிறப்பின் இழுக்கை வாழ்நாளெல்லாம் சுமந்தவர். பெற்றோரைத் தெரிவு செய்ய எவராலும் இயலாது, ஒழுக்கத்தை அமைத்துக்கொள்ள யாவராலும் இயலும் என்னும் கருத்தை அவர் அந்நூலில் வைத்ததில் வியப்பில்லை.

இன்றைய விதியோ இதற்கு நேர்மாறு. ரொட்டியைக் கத்தியால் அறுக்கலாகாது, கையால் பிட்டே உண்ண வேண்டும் என்கின்றனர். நம் மாணவர் ஒருவர் பணிப்பயிற்சிக்குச் சென்ற இடத்தில் ரொட்டியைக் கத்தியால் அறுத்தமைக்காகச் சிரிப்புக்கு ஆளானார். எராசுமசு அந்த மேசையில் இருந்திருப்பாராயின் நம் மாணவரையே மெச்சியிருப்பார். சிரித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1669இல் கூர்முனைக் கத்திகளுக்குத் தடை விதித்தார். மேசைக் கத்தியின் முனை மழுங்கலாக இருப்பதற்கும், வெண்ணெய் தடவ அது வசதியாக அமைந்ததற்கும் இதுவும் ஒரு காரணம். வன்முறைக்கு அஞ்சிய ஆணை, காலப்போக்கில் நாகரிகமாகப் போற்றப்பட்டது. யூதராகப் பிறந்த காரணத்தால் 1933இல் செர்மனியை விட்டு வெளியேறிய நார்பர்ட் எலியாசு, 1939இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய மாற்றங்களை விரிவாக ஆராய்ந்தார். மேல்தட்டினர் தம்மைப் பிறரினின்று வேறுபடுத்திக் காட்டப் புதுமுறை வகுப்பதும், அது கீழே பரவியதும் வேறொன்றை நாடுவதும் அவர் காட்டும் உண்மை.

அம்முறை ஏழைகளிடம் சேர்ந்தது பள்ளியின் வாயிலாகவே என்பது ஆசிரியராகிய நமக்கு மகிழ்ச்சி தருவது. ஏழைச் சிறுவர்க்குப் பள்ளிகள் நிறுவிய லசால் அடிகளார் 1703இல் நன்னடத்தை விதிகளை நூலாக்கினார். அவர்தம் பள்ளிகளில் அது வாசிப்புப் பாடநூலாகவும் பயன்பட்டது.

நிற்க. உணவு விடுதிகளில் நுழையும் உரிமையை நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு உறுதி செய்துள்ளது. நுழைந்தபின் தயங்காமல் அமர்வதற்கு, இன்று வழங்கும் முறையையும் அறிந்து வைத்தல் நலம். இடப்புறமுள்ள சிறுதட்டே உங்களுடைய ரொட்டித் தட்டு. பொதுக் கிண்ணத்து வெண்ணெயை அதற்கென உள்ள கத்தியால் எடுத்து முதலில் உங்கள் தட்டின் ஓரத்தில் வையுங்கள். நேரே ரொட்டியில் தடவினால் ரொட்டித்துகள் பொது வெண்ணெயில் கலக்கும். பின்னர் ஒரு வாய்க்கு ஆகும் அளவு ரொட்டியைத் தட்டின்மீதே பிட்டு, அத்துண்டுக்கு மட்டும் உங்கள் கத்தியால் வெண்ணெய் தடவி உண்ணுங்கள். அடுத்தவருக்கு வேண்டுமா எனக் கேட்டு, ரொட்டிக் கூடையை அவர்பால் நகர்த்துங்கள். காலைச் சிற்றுண்டியில் வரும் வறுத்த ரொட்டிக்கு மட்டும் இக்கட்டுப்பாடு இல்லை. அதன்மேல் முழுவதும் தடவிக் கடித்தே உண்ணலாம்.