நீ என்றதற்கு அடி

"இங்கிலீஷில் மரியாதையே கிடையாது, தகப்பனாருக்கும் 'யூ'தான், நாய்க்குட்டிக்கும் 'யூ'தான்" என்று குறைப்படுகிறவர்கள் நம்மிடையே உண்டு. உண்மையில் அந்தப் பாஷையில் காணாமற்போனது 'நீங்கள்' அல்ல, 'நீ'!

முற்காலத்தில் ஒருவரை விளிக்க 'தௌ', பலரை விளிக்க 'யூ' என்று இரண்டு சொற்கள் இருந்தன. 13-ஆம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவரானாலும் 'யூ' என்பது வழக்கமாயிற்று. 'தௌ' வேலைக்காரர்களுக்கும், குழந்தைகளுக்கும், அந்தரங்க சிநேகிதர்களுக்கும் உரியதாயிற்று. கோபம் வந்தால் எல்லாருக்குமே உண்டு! 1603-ல் ஸர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக விசாரணை நடந்தபோது, அரசாங்க வக்கீல் எட்வர்டு கோக் அவரை வேண்டுமென்றே 'தௌ' போட்டுப் பேசினார். அது சபையில் செய்த அவமானம்.

இந்த வேற்றுமையை ஒழிக்கக் கிளம்பினார் ஜார்ஜ் பாக்ஸ். அவருடைய க்வேக்கர் கூட்டத்தார் நீதிபதியையும் பிரபுவையும் 'தௌ' என்றே அழைத்தார்கள். ஒருவனைப் பலராக்கிப் பேசுவது பொய். அதிலும் பணக்காரனை மட்டும் பலராக்குவது அவன் அகம்பாவத்துக்குத் தூபம் போடுவது என்பது அவர்கள் கட்சி. இலக்கணம் தங்கள் பக்கம் என்று காட்ட, பல பாஷைகளின் ஒருமை பன்மைகளைத் திரட்டி 1660-ல் ஒரு புத்தகமே போட்டார்கள்.

தாமஸ் எல்வுட் என்ற வாலிபன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தான். தகப்பனார் மாஜிஸ்டிரேட். பிள்ளை தலையில் தொப்பியோடு எதிரே நின்று 'தௌ' என்றான். தகப்பனாருக்குப் பொறுக்குமா? பல் உதிர்ந்துவிடும் என்று எச்சரித்தார், கையாலும் அடித்தார். பையன் சொல்லை மாற்றவில்லை. பிற்பாடு, கண்ணிழந்த மகாகவி மில்டனுக்கு லத்தீன் நூல்களை வாசித்துக் காட்டியவன் இவனேதான்.

இங்கிலீஷில் சமத்துவம் கடைசியில் வந்தது, ஆனால் தலைகீழாக. பிரபு 'தௌ'வுக்கு இறங்கவில்லை. வேலைக்காரன் 'யூ'வுக்கு ஏறிவிட்டான். இன்றும் ஒரே ஒருவரிடம் பேசினாலும் 'யூ'வுக்குப் பன்மை வினைதான். 'தௌ' பிரார்த்தனையிலும் கவிதையிலும் ஒதுங்கிக்கொண்டது. அதைக் கேட்கிற வெள்ளைக்காரர் பலர் ஏதோ மகா கௌரவமான சொல் என்று நினைக்கிறார்கள். முருகனை 'நீ' என்று உரிமையோடு கூப்பிடுகிற நமக்கு அதன் ருசி தெரியும்.

க்வேக்கர் வீடுகளில் மட்டும் பழைய ஒருமை வெகுகாலம் நீடித்தது. அங்கேயும் நாளடைவில் 'தௌ' போய், 'உன்னை' என்று பொருள்படும் 'தீ' எழுவாயாகிவிட்டது, "உன்னை வருகிறாயா?" என்று நாம் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி! இலக்கணத்துக்காகப் புத்தகம் போட்ட பாக்ஸ் அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!