சுவிஸ் ஏரிகளில் மாலைநேரப் பாய்ப்படகுப் போட்டி: நாமும் ஏறலாம்

மே மாதம் பிறந்துவிட்டால் லேமன், சூரிச், லுட்சேர்ன் ஏரிகளில் வாரநாள் மாலைகளில் ஒரு காட்சியைக் காணலாம். வேலை முடிந்து வீடு திரும்பும் ரயிலின் யன்னலூடாகப் பார்த்தால், வெள்ளைப் பாய்கள் பல ஒரே மிதவையைச் சுற்றி நெருங்கி ஓடிக்கொண்டிருக்கும். நம்மில் பலர் முப்பது, நாற்பது ஆண்டுகளாக அதைப் பார்த்தபடியே கடந்து போகிறோம். அது பணக்காரரின் விளையாட்டு என்பது நமது முடிவு. அந்த முடிவு பாதி சரி, பாதி பிழை. படகு வைத்திருப்பது செலவான விடயம்தான். ஆனால் வேறொருவரின் படகில் ஏறிப் போட்டியில் ஓடுவதற்குப் பெரிய செலவில்லை. பல படகுக்காரர் ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

படகு

இப்போட்டிகளில் ஓடுபவை பெரும்பாலும் 7 முதல் 10 மீற்றர் வரை நீளமான ஏராப் படகுகள். ஏரா என்பது எமது ஓடாவிமார் அறிந்த சொல், வள்ளத்தின் அடிமரம். இங்குள்ள படகுகளில் அது இரும்பாலோ ஈயத்தாலோ ஆன பாரமான துடுப்புப்போல நீருக்குள் ஆழமாக இறங்கி நிற்கும். அதற்கு இரண்டு வேலைகள். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு வழுக்கிப் போகாமல் தடுப்பது ஒன்று. சரிந்த படகை மீண்டும் நிமிர்த்துவது மற்றது. ஆகவே படகு நன்றாகச் சரிந்து ஓடினாலும் இலகுவில் கவிழாது. முதல்முறை ஏறுபவர்கள் இதை அறிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

லேமன் ஏரியில் அதிகம் காணப்படுவது 'சேர்ப்றீஸ்' என்ற வகை. நீளம் 7.65 மீற்றர், நான்கு அல்லது ஐந்து பேர் ஓடுவார்கள். ஒருவர் சுக்கான் பிடிப்பார். மற்றவர்கள் பெரிய பாயையும் முன்பாயையும் கயிற்றால் இழுத்தும் தளர்த்தியும் சரிசெய்வார்கள். ஒருவர் அணியத்தில் நிற்பார். புதியவருக்கு முதலில் கிடைக்கும் வேலை, காற்று வரும் பக்க விளிம்பில் பாரமாக உட்காருவது. அதுவும் தேவையான வேலைதான்.

போட்டி நடக்கும் முறை

ஓட்டம் தொடங்க 5 நிமிடங்களுக்கு முன் முதற்கொடி ஏறும். 4 நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி ஏறும். 1 நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். பாய்ப்படகு ஓரிடத்தில் நிற்காது. எனவே எல்லாப் படகுகளும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வந்து, சரியான நொடியில் கோட்டைக் கடக்க முயலும்.

பாய்ப்படகால் காற்றுக்கு நேரெதிரே ஓட முடியாது. வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் மேல் மிதவையை எட்டும். அப்போது படகுகள் குறுக்கிடும். வலப்பக்கமாகக் காற்று வாங்கும் படகுக்கே முன்னுரிமை. இடப்பக்கமாக வாங்குவது விலக வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாகக் காற்று வாங்கி அருகருகே ஓடினால், காற்று வரும் பக்கத்தில் உள்ள படகு விலக வேண்டும்.

பெரும்பாலான ஓட்டங்களில் நடுவர் பின்தொடர்வதில்லை. வழி மறித்தவர் தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்டு, படகை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடர வேண்டும். முதலாவதாக வந்தால் 1 புள்ளி, இரண்டாவது 2. தொடர் முடிவில் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். வெவ்வேறு வகைப் படகுகள் கலந்து ஓடினால், ஒவ்வொரு வகையின் வேகத்துக்கும் ஏற்பக் கணக்கிட்டு நேரத்தைத் திருத்துவார்கள்.

காற்று

ஊரில் வாடையையும் சோளகத்தையும் அறியாத கரையோரக் குடும்பம் இல்லை. இங்கும் காற்றுகளுக்குப் பெயர் உண்டு. வடகிழக்கிலிருந்து குளிராக வீசும் 'பீஸ்' எமது வாடையின் திசையிலேயே வருகிறது. யூறா மலையிலிருந்து லேமன் ஏரிக்குத் திடீரென இறங்கும் 'ஜொறான்' கோடை மாலைகளில் ஆபத்தானது. அமைதியான ஏரி சில நிமிடங்களில் கொந்தளித்துவிடும்.

பாதுகாப்பு

எம்மில் சிலருக்குத் தண்ணீர் என்றாலே நினைவுக்கு வருவது இரவோடிரவாகப் படகேறிய பயணமும் 2004 டிசம்பரும்தான். அந்தப் பயத்தை யாரும் குறைவாக எண்ண வேண்டாம். அதற்கு மருந்து விதிகளைத் தெரிந்திருப்பது.

கரையில் செம்மஞ்சள் விளக்கு நிமிடத்துக்கு 40 தடவை மின்னினால் பலத்த காற்று எச்சரிக்கை. 90 தடவை மின்னினால் புயல் எச்சரிக்கை, உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருப்பது அவசியம். மே மாதத்து ஏரிநீர் இன்னும் கடுங்குளிர் என்பதால் அதை அணிந்தே ஏறுங்கள். பச்சைப் பந்து கட்டிய பயணிகள் கப்பலுக்கு எப்போதும் வழிவிட வேண்டும். நீந்தத் தெரியாதவர் முதலில் நீச்சல் பழகட்டும். அவசரத்துக்குப் பொலிஸ் இலக்கம் 117.

எப்படிச் சேருவது

பாய்ப் பரப்பு 15 சதுர மீற்றருக்கு மேற்பட்ட படகைச் செலுத்துபவரிடம் 'டி' வகை அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அதற்கான ஆகக் குறைந்த வயது 14. உடன் ஓடுபவருக்கு அது தேவையில்லை. அருகிலுள்ள பாய்ப்படகுச் சங்கத்துக்குப் போட்டி மாலையில் ஒரு மணிநேரம் முன்னதாகப் போய், 'மிட்ஸேகெல்ன்' செய்ய விருப்பம் என்று சொல்லுங்கள். பிரெஞ்சுப் பகுதியில் 'எக்கிப்பியே' என்று கேளுங்கள். வழுக்காத வெள்ளை அடிச் சப்பாத்தும் காற்றுப் புகாத மேலங்கியும் போதும். வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்துவிடுங்கள். ஓர் ஆள் குறைந்தால் படகு கரையிலேயே நின்றுவிடலாம். பிள்ளைகளுக்குப் பல சங்கங்கள் 'ஒப்டிமிஸ்ட்' என்ற சிறுபடகில் பயிற்சி தருகின்றன.

2018இல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்தின்கீழ், இந்நாட்டின் சமூக வாழ்வில் ஒருவர் பங்கெடுப்பதும் கவனத்தில் எடுக்கப்படுகிறது. அதற்காக மட்டும் படகேறச் சொல்லவில்லை. ஆனால் பத்து ஆண்டுகள் ஒரே வேலைத்தளத்தில் பழகாத அயலவருடன் ஒரே கயிற்றை இழுத்தால் பேச்சுத் தானாக வரும்.

கடலே இல்லாத இந்த நாட்டின் 'அலிங்கி' அணி 2003இல் நியூசிலாந்தை வென்று அமெரிக்கக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதற்கு 65 ஆண்டுகளுக்கு முன், 1938இல், வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' பாய்க்கப்பல் எமது மாலுமிகளுடன் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இங்கு பிறந்த எம் பிள்ளைகள் பலருக்கு முதற்கதை தெரியும், இரண்டாவது தெரியாது. அடுத்த புதன் மாலை அவர்களை ஏரிக்கரைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பாய்கள் மிதவையைச் சுற்றுவதைப் பார்த்தபடியே அன்னபூரணியின் கதையைச் சொல்லலாம்.