அலங்கார நீரூற்று

அலங்கார நீரூற்று என்பது தோட்டம், முற்றம், பூங்கா முதலிய இடங்களில் அழகுக்காக நீரைப் பீச்சியோ வழியவிட்டோ இயக்கப்படும் அமைப்பு ஆகும். நிலத்திலிருந்து தானாகப் பொங்கும் இயற்கை ஊற்றிலிருந்து வேறுபடுத்துவதற்காக இது செயற்கை நீரூற்று என்றும் அழைக்கப்படுகிறது. இக்காலத் தோட்ட நீரூற்றுகளில் பெரும்பாலானவை ஒரு தொட்டியில் உள்ள அதே நீரை மின்மோட்டார் மூலம் மீண்டும் மீண்டும் சுழற்றுகின்றன. ஆகவே இவற்றின் சிக்கல்கள் பெரும்பாலும் மூன்று காரணங்களால் எழுகின்றன: ஆவியாகும் நீர், எஞ்சி நிற்கும் உப்பு, மோட்டார் நிற்கும்போது தேங்கும் நீர்.

வரலாறு

மின்மோட்டார் வருவதற்கு முன்னர் நீரூற்றுகள் பெரும்பாலும் உயரத்திலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்தால் இயங்கின. இலங்கையின் சிகிரியாவில் முதலாம் காசியப்பன் (ஆட்சிக்காலம் 477–495) அமைத்த நீர்ப் பூங்காவில் நிலத்தடிக் கால்வாய்கள் வழியே வரும் நீர், துளையிட்ட சுண்ணக்கல் பலகைகள் ஊடாக மேலெழுந்தது. மழைக்காலத்தில் இவை இன்றும் இயங்குவதுண்டு. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1619இல் சிறீநகரில் தொடங்கிய சாலிமார் தோட்டத்திலும் மலையோடை நீரே பயன்பட்டது.

தமிழ்நாட்டில் நீரை அழகுபடுத்தும் மரபு பெரிதும் குளங்களைச் சார்ந்தது. சிதம்பரம் நடராசர் கோயிலின் சிவகங்கைக் குளம் போன்றவற்றில், படிக்கட்டுகள் சூழ்ந்த நிலைநீரே அழகுக்கு மையமாக விளங்குகிறது.

கடலூர் வட்டாரத்தின் பொங்கு கிணறுகள்

கடலூர் மாவட்டத்தில் மோட்டார் இன்றியே நீர் பொங்கிய இடங்கள் இருந்தன. இங்குள்ள பாறை அடுக்கு புவியியலில் கடலூர் மணற்கல் என்று பெயர் பெற்றது. இவ்வடுக்கின் உயர்ந்த பகுதிகளில் இறங்கும் மழைநீர், களிமண் படலங்களுக்குக் கீழே அழுத்தத்துடன் அடைபட்டு நிற்கிறது. அங்கு துளையிட்டால் நீர் தானாக மேலெழும். இத்தகைய கிணறு ஆர்ட்டீசியன் கிணறு எனப்படும். நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு அமைத்தபோது வெளிப்பட்ட கருநிறப் பொருளே பழுப்பு நிலக்கரியின் இருப்பைக் காட்டியது.

நிலக்கரிப் படுகைக்கு அடியில் உள்ள இவ்வழுத்தம் சுரங்கத்தின் தரையைப் பிளந்துவிடக்கூடும் என்பதால், அங்கு நிலத்தடி நீர் தொடர்ந்து இறைக்கப்படுகிறது. வேளாண்மைக்கும் பெருமளவு நீர் எடுக்கப்படுகிறது. இவற்றால் அழுத்தம் குறைந்து, முன்னர் தானாகப் பொங்கிய கிணறுகள் பல நின்றுபோயின. கெடிலம் ஆற்றங்கரையில் உள்ள திருவந்திபுரம் முதல் சிதம்பரம் வரை இன்று வீட்டில் நீரூற்று அமைப்போர், மோட்டாரையும் தொட்டி நீரையும் கணக்கிட்டே அமைக்க வேண்டும்.

வகைகள்

* பீச்சு நீரூற்று – குழாய்முனை வழியே நீர் மேலே பீச்சப்படும். காற்றில் நீர் சிதறுவதால் இழப்பு மிகுதி.
* வழியும் நீரூற்று – பானை, உருளி அல்லது கல்தூணின் மேலிருந்து நீர் வழியும். ஓசையும் இழப்பும் குறைவு.
* சுவர் நீரூற்று – குறைந்த இடமே தேவை. சுவரில் ஈரம் இறங்காதவாறு பூச வேண்டும்.
* கூழாங்கல் நீரூற்று – தொட்டி நிலத்தடியில் கம்பி வலையாலும் கற்களாலும் மூடப்பட்டிருக்கும். திறந்த நீர்ப்பரப்பு இல்லாததால் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஏற்றது.
* சிற்றருவி – நீர் விழும் விளிம்பின் ஒவ்வொரு செ.மீ. அகலத்துக்கும் மணிக்கு ஏறத்தாழ 150 லிட்டர் நீரோட்டம் தேவை.

தேர்ந்தெடுத்தல்

மோட்டார்: பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள "மணிக்கு 1000 லிட்டர்" போன்ற அளவு, நீரை உயர்த்தாத நிலைக்கு உரியது. உயரம் கூடக் கூட நீரோட்டம் குறையும். குறிப்பிடப்பட்டுள்ள அதிகபட்ச உயரத்தில் அது சுழியமாகிவிடும். எனவே தேவையான உயரத்தில் கிடைக்கும் நீரோட்டத்தையே பார்க்க வேண்டும். மணிக்கு 1000 லிட்டர் நீரை 1.5 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 4 வாட் திறன் போதும். மோட்டாரின் பயனுறுதிறன் 20 விழுக்காடு எனக் கொண்டால் 20 வாட் மின்சாரம் செலவாகும். நாள்தோறும் 8 மணி நேரம் இயக்கினால் மாதத்துக்கு ஏறத்தாழ 5 யூனிட் ஆகும்.

தொட்டி: பீச்சு முனையிலிருந்து தொட்டியின் விளிம்பு வரையுள்ள தொலைவு, நீர் எழும் உயரத்துக்குக் குறையாமல் இருத்தல் நன்று. கடற்காற்று வீசும் இடங்களில் இது மேலும் கூடுதலாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது நிரம்பி வழியும் நீர் வெளியேற ஒரு குழாயும், அடியில் நீரை வடிக்கும் திறப்பும் தேவை.

நீர்: 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. நீர் ஆவியானால் இழப்பு 1 லிட்டர். நாளொன்றுக்கு 6 மி.மீ. ஆவியாகும் கோடையில், 1 சதுர மீட்டர் பரப்பும் 200 லிட்டர் கொள்ளளவும் உடைய தொட்டி 33 நாட்களில் தன் கொள்ளளவுக்குச் சமமான நீரை இழக்கிறது. சிதறலால் ஏற்படும் இழப்பு இதற்கு மேலாகும்.

பராமரிப்பு

நீர் ஆவியாகும்போது அதில் கரைந்துள்ள உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் குறைந்த நீரை மட்டும் நிரப்பி வந்தால், ஒரு மாதத்தில் உப்பின் அளவு ஏறத்தாழ இருமடங்காகும். நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள கடலோரப் பகுதிகளில் இது விரைவில் வெண்படிவாக மாறிக் குழாய்முனையை அடைக்கும். எனவே குறைந்ததை நிரப்புவது மட்டும் போதாது. பழைய நீரை அவ்வப்போது வடிக்கவும் வேண்டும். வடித்த நீரை, உப்பைத் தாங்கும் தென்னைக்குப் பாய்ச்சலாம். சேமித்த மழைநீரைப் பயன்படுத்தினால் படிவு வெகுவாகக் குறையும்.

* நாள்தோறும்: மோட்டார் முழுவதும் நீரில் மூழ்கியிருக்கிறதா எனப் பார்த்தல். நீரின்றி இயங்கினால் மோட்டார் சூடேறிப் பழுதாகும்.
* வாரந்தோறும்: மோட்டாரின் வடிகட்டியைக் கழுவுதல், உதிர்ந்த இலைகளை அகற்றுதல், தொட்டியின் சுவரைத் தேய்த்தல்.
* மாதந்தோறும்: நீரை மாற்றுதல், குழாய்முனையின் சுண்ணப் படிவை வினிகரில் ஊறவைத்து நீக்குதல். சுண்ணக்கல், பளிங்கு ஆகியவற்றை அமிலம் அரிக்கும் என்பதால் அவற்றில் வினிகர் படக்கூடாது.

பாதுகாப்பு

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு எஜிப்தி கொசு, தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். முட்டை முழுக் கொசுவாக 7 முதல் 10 நாட்கள் போதும். நீர் அசைந்துகொண்டிருக்கும்போது இனப்பெருக்கம் தடைப்படுகிறது. ஆனால் ஊருக்குச் செல்லும்போதோ மோட்டார் பழுதாகும்போதோ நிறுத்தப்படும் நீரூற்று வெறும் தேக்கத் தொட்டியாகிவிடும். ஆகவே சில நாட்களுக்கு நிறுத்துவதாக இருந்தால் நீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். இக்கொசுவின் முட்டைகள் சுவரில் ஒட்டியபடி, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். இதனால் நீரை வடித்தபின் சுவரைத் தேய்த்துக் கழுவுதலும் இன்றியமையாதது.

வெதுவெதுப்பான, தூய்மையற்ற நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா வளரக்கூடும். பீச்சு நீரூற்றின் நுண்துளிகளை மூச்சுடன் இழுப்பதால் இது நுரையீரலைத் தாக்கலாம்.

மோட்டாருக்கான இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட வேண்டும். தொட்டிக்குள் கைவிடுவதற்கு முன் மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். ஆழம் குறைந்த நீரிலும் சிறு குழந்தைகள் மூழ்க நேரிடும் என்பதால், திறந்த தொட்டியின் மேல் நீர்மட்டத்தை ஒட்டி உறுதியான கம்பி வலை அமைப்பது நல்லது.