கணக்கில் இருந்த தேசம்

இறையாண்மை பற்றி எழுதும்போது நம்மவர்கள் கொடி, எல்லை, ராணுவம் என்று ஸ்தூலமான சங்கதிகளையே பேசுகிறார்கள். 1933ல் மான்டிவிடியோவில் கையெழுத்தான உடன்படிக்கையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: நிலையான ஜனங்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவுகொள்ளும் தகுதி. எஸ்தோனியா இந்த இலக்கணத்துக்கு அடங்காத கேஸ்.

1940 ஜூனில் ஸோவியத் படை உள்ளே வந்தது. ஆகஸ்டில் நாடு ஸோவியத் யூனியனோடு சேர்க்கப்பட்டது. அமெரிக்கா இதை ஏற்கவில்லை. ஜூலையிலேயே பால்டிக் நாடுகளின் சொத்துக்களை முடக்கியிருந்தது. நியூயார்க்கில் எஸ்தோனியக் கான்ஸல் அலுவலகம் மூடப்படவில்லை. முடக்கிய பணத்திலிருந்தே செலவுக்குக் கொடுத்தார்கள். எர்ன்ஸ்ட் யாக்ஸன் 1932லிருந்து அங்கே வேலை பார்த்தவர், 1965லிருந்து பொறுப்பாளர். இல்லாத நாட்டுக்கு பாஸ்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வங்கியில் வேலை பார்க்கிற எனக்கு இதில் ஆச்சரியம் குறைவு. சொந்தக்காரர் வரவில்லை என்பதற்காகக் கணக்கை லெட்ஜரிலிருந்து யாரும் கிழித்துப்போடுவதில்லை. ஆனால் லெட்ஜர் யார் கையில்? ஸ்வீடன் தன்னிடமிருந்த எஸ்தோனியத் தங்கத்தை 1940லேயே மாஸ்கோவிடம் கொடுத்துவிட்டது. பிரிட்டனோ, அந்தச் சேர்க்கையைச் சட்டப்படி அங்கீகரிக்காமலே, 1967ல் பால்டிக் தங்கத்தை விற்று ஸோவியத்திடமிருந்து தன் ஆட்களுக்கு வரவேண்டிய பாக்கிகளைத் தீர்த்துக்கொண்டது. 1992ல் அதே அளவு தங்கத்தைத் திருப்பித் தந்தது. சட்டமும் மனசாட்சியும் இப்படிச் சௌகரியமாகத் தூங்கி விழித்ததற்கு ராஜதந்திரம் என்று பெயர்.

1949 மார்ச்சில் மட்டும் இருபதாயிரம் பேருக்கு மேல் எஸ்தோனியாவிலிருந்து ஸைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நியூயார்க்கின் ரப்பர் முத்திரை அவர்களில் ஒருவரையும் ரயிலிலிருந்து இறக்கவில்லை. இதை வைத்து அந்த அலுவலகத்தைக் கேலிக்கூத்து என்று தள்ள எனக்கு மனமில்லை. 1991ல் எஸ்தோனியா, நான் புதிதாகப் பிறக்கவில்லை, பழைய நாடே மீண்டிருக்கிறேன் என்று சொன்னபோது, காட்டுவதற்கு அந்தக் காகிதங்கள் இருந்தன. எண்பத்தாறு வயது யாக்ஸனே அமெரிக்காவுக்குத் தூதரானார்.

ஆனால் அந்தத் தர்க்கம் அங்கே நிற்கவில்லை. நாடு ஒருநாளும் அறுபடவில்லை என்றால் இடையில் வந்தவர்கள் யார்? 1940 ஜூனுக்கு முன் பிரஜைகளாக இருந்தவர்களும் அவர்கள் வம்சத்தாரும்தான் தாமாகவே பிரஜைகள் என்று 1992ல் ஆயிற்று. ஸோவியத் காலத்தில் குடியேறியவர்கள், அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகள் — ஜனத்தொகையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு — மொழிப் பரீட்சை கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். பலருக்குச் சாம்பல் நிறப் பாஸ்போர்ட்தான் மிஞ்சியது. ரஷ்ய மொழிக்காரர்களே நிறைந்த எல்லை நகரம் நார்வா. அங்கே 1993 ஜூலையில் சுயாட்சி கேட்டு ஓட்டெடுத்தார்கள். செல்லாது என்று எஸ்தோனிய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.