தர்ம ஸ்தாபனம் வாய் திறக்கலாமா?

அரசை விமர்சிக்கும் தர்ம ஸ்தாபனம் தன் தகுதியை இழந்துவிடுமா? ஆஸ்திரேலியாவில் இவ்வழக்கு தலைமை நீதிமன்றம் வரை சென்றது.

சிட்னியின் 'எய்ட்வாட்ச்' என்னும் சிறிய அமைப்பு, அரசு அளிக்கும் வெளிநாட்டு உதவி ஏழைகளுக்குப் பயன்படுகிறதா எனக் கண்காணித்து வந்தது. உலக வங்கியின் 60ஆம் ஆண்டுக்குக் கேலியாகப் பிறந்தநாள் கேக்கும் வழங்கியது! (கேக்கினால் கண்டிப்பது நமக்குப் புதுமைதான்.) இவையெல்லாம் அரசியல் எனக் கூறி 2006இல் வரித்துறை அதன் தர்மத் தகுதியை ரத்து செய்தது. தீர்ப்பாயத்தில் வென்ற அமைப்பு, 2009இல் மேல்முறையீட்டில் தோற்றது, ஆயினும் தளரவில்லை.

2010 டிசம்பர் 1 அன்று நீதிபதிகள் எழுவரில் ஐவர், வறுமை நீக்கும் உதவி குறித்துச் சட்டத்திற்குட்பட்டுப் பொது விவாதம் எழுப்புவதே சமூக நன்மை எனத் தீர்ப்பளித்தனர். 2013ஆம் ஆண்டின் தர்ம ஸ்தாபனச் சட்டமும் கொள்கை மாற்றம் கோருவதை அனுமதித்தது; கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவு திரட்டுவதை நோக்கமாகக் கொள்வதை விலக்கியது.